திரை தனி, கீபோர்டு தனி! கழற்றி மாட்டும் கணினி – ஒரு பாடம்



லேப்டாப் தெரியும். டேப்லெட்டும் தெரியும். இரண்டையும் சேர்த்துச் செய்த ஒரு கருவி இருக்கிறது. திரையைப் பிடித்து இழுத்தால் 'டக்' என்று கையோடு வந்துவிடும். கையில் வந்தது டேப்லெட், மேசையில் நிற்பது வெறும் கீபோர்டு. மறுபடி மாட்டினால் லேப்டாப். திரை கழன்று வராமல் முழுசாகப் பின்பக்கம் மடங்கும் இன்னொரு வகையும் உண்டு. அது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்றைய பாடம் கழன்று வருவதைப் பற்றி மட்டும்தான்.

இது ஏன் இப்போது? பிளஸ் டூ முடிக்கப் போகிற அண்ணன், அக்கா எல்லாரும் "காலேஜுக்கு எதை வாங்கலாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்காரர் "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா தம்பி" என்பார். நம்மில் பலர் வீட்டில் இந்தப் பொருளை ஒரே ஒரு தடவைதான் வாங்குவார்கள். சீட்டு எடுத்தோ, நகையை அடகு வைத்தோ வாங்குவார்கள். அது நாலு வருஷம் உழைக்க வேண்டும். ஆகவே மாங்காய் ரெண்டா, ஒன்றரையா என்று முன்னாடியே பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஒரு சோதனை. வகுப்பிலேயே செய்யலாம். இரண்டு பரீட்சை அட்டைகளை ஓரத்தில் செல்லோடேப்பால் ஒட்டிக் கீல் மாதிரி ஆக்குங்கள். இரண்டையும் விரித்து, ஒன்றைப் படுக்க வைத்து மற்றதைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். அதற்கு மேல் சாயாதபடி கீலின் இரண்டு முனையிலும் நூலால் இழுத்துக் கட்டிவிடுங்கள். இப்போது படுத்திருக்கும் அட்டையில் ஒரு தடிமனான புத்தகத்தை வைத்தால் அது சாதாரண லேப்டாப். நிலையாக நிற்கும். அதே புத்தகத்தை எடுத்துச் சாய்ந்த அட்டையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். மொத்தமும் மல்லாக்க விழும். நான் சொல்ல வந்த விஷயத்தில் பாதி இதுதான்!

சாதாரண லேப்டாப்பில் பிராசஸர், மதர்போர்டு, பேட்டரி எல்லாம் கீபோர்டுக்கு அடியில் இருக்கும். மேலே இருப்பது திரை மட்டும். கழற்றும் கணினியில் திரையே தனியாக வேலை செய்ய வேண்டும், இல்லையா? அதனால் அத்தனையும் திரைக்குப் பின்னால் ஏறிக்கொள்கிறது. தலை கனத்துப்போகிறது.

அறிவியல் பாடத்தில் படித்த திருப்புத்திறன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திரை 800 கிராம், கீபோர்டு 300 கிராம், இரண்டுமே கீலிலிருந்து 20 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பு மையம் நடுவில், அதாவது கீலிலிருந்து 10 செ.மீ. தூரத்தில். திரையை நேர்நிலையிலிருந்து 30 டிகிரி பின்னால் சாய்க்கிறோம். சைன் 30 டிகிரி என்பது அரை. ஆகவே திரையின் ஈர்ப்பு மையம் கீலுக்கு 5 செ.மீ. பின்னால் போய்விடும். பின்பக்கம் 800 × 5 = 4000. முன்பக்கம் 300 × 10 = 3000. (புவியீர்ப்பு முடுக்கம் இரண்டு பக்கமும் பொது என்பதால் விட்டுவிட்டேன்.) பின்பக்கம் ஜெயிக்கிறது, கருவி கவிழ்கிறது. அதே அளவு லேப்டாப்பில் மூடி 400 கிராம், அடிப்பாகம் 1000 கிராம் என்றால்? பின்பக்கம் 2000, முன்பக்கம் 10,000. கவிழ வாய்ப்பே இல்லை.

இதோடு விரலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொடுதிரை ஆச்சே! திரையின் மேல் ஓரத்தை 100 கிராம் எடைக்குச் சமமாக ஒரு தட்டு தட்டினால் 100 × 20 = 2000 கூடுதலாகப் பின்பக்கம் சேரும்.

கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். தப்பிக்க இரண்டு வழிதான் உண்டு.

ஒன்று, பின்னால் ஒரு முட்டு கொடுப்பது. 2012 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த சர்ஃபேஸ் இப்படிப்பட்டது. போட்டோ ஃபிரேமுக்குப் பின்னால் ஒரு கால் இருக்குமே, அந்த மாதிரி. முதல் மாடலில் அந்தக் கால் ஒரே ஒரு கோணத்தில்தான் நிற்கும். 2014-ல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ 3-ல்தான் எந்தக் கோணத்திலும் நிற்கும்படி, 150 டிகிரி வரை விரித்தார்கள். கவிழாது, சரி. ஆனால் முன்னால் கீபோர்டு, பின்னால் கால் என்று இடம் நீளமாக வேண்டும். மேசையில் கவலையில்லை. மடியில் வைத்தால் அந்தக் காலின் விளிம்பு முழங்கால் பக்கம் போய்த் தொடையில் அழுத்தும். நம்ம பெஞ்சு மேசையின் அகலத்தை ஸ்கேலால் அளந்து பாருங்க. பாடப்புத்தகத்தை அதன் மேல் வைத்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் பாருங்க.

இன்னொரு வழி, கீபோர்டின் எடையைக் கூட்டுவது. 2013-ல் வந்த ஆசுஸ் டிரான்ஸ்ஃபார்மர் புக் டி100-ல் திரை சுமார் 550 கிராம், கீபோர்டு சுமார் 520 கிராம். கீலிலிருந்து திரையின் உயரம் 17 செ.மீ. மேலே போட்ட கணக்கை இந்த எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்க. நிற்கும், ஆனால் விரலால் தட்டும்போது தப்பிப்பது மயிரிழையில்தான்.

இந்த வழியில் நடந்த வேடிக்கை 2020-ல் ஆப்பிள் செய்தது. 12.9 அங்குல ஐபேட் ப்ரோவின் எடை சுமார் 640 கிராம். அதற்கென்று விற்ற மேஜிக் கீபோர்டு சுமார் 700 கிராம்! கம்ப்யூட்டரை விடக் கீபோர்டு கனம். இரண்டும் சேர்ந்து 1.35 கிலோ வந்துவிட்டது. அதே ஆண்டு அதே கம்பெனி விற்ற மேக்புக் ஏர் லேப்டாப் 1.29 கிலோதான். லேசாக இருக்கும் என்று நம்பி வாங்கினால் லேப்டாப்பை விடக் கனமாகச் சுமக்க வேண்டியது.

எல்லாவற்றையும் விடத் துணிச்சலாக முயன்றது 2015-ன் சர்ஃபேஸ் புக். பேட்டரியில் பெரும் பகுதியையும், விலை கூடிய மாடலில் கிராஃபிக்ஸ் சிப்பையும் கீபோர்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள். திரையைப் பிடித்து வைக்கும் பூட்டு ஒரு விசேஷக் கம்பி. மின்சாரம் பாய்ந்தால் சூடாகிச் சுருங்கிப் பூட்டைத் திறக்கும். அருமையான யோசனை! ஆனால் திறக்க மின்சாரம் வேண்டும், பேட்டரி தீர்ந்துபோனால் கழற்ற முடியாது. கழற்றிய திரையில் சின்ன பேட்டரி என்பதால் சில மணி நேரத்துக்கு மேல் ஓடாது. 2020-ல் மூன்றாவது தலைமுறையோடு அந்தக் குடும்பமே நின்றுவிட்டது. 2021-ல் அதன் இடத்துக்கு வந்த லேப்டாப் ஸ்டூடியோவில் திரை மடங்கும், நகரும், ஆனால் கழன்று வராது. செய்தவர்களே அந்த வழியை விட்டுவிட்டார்கள் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் இது வீண் பொருளா? இல்லவே இல்லை. லேப்டாப்பால் முடியாத சிலதை இது சுலபமாகச் செய்யும். கணக்கு, இயற்பியல், வேதியியல் படிப்பவர்களுக்குப் பேனா பெரிய உதவி. பென்சீன் வளையத்தையும் தொகையீட்டையும் கீபோர்டில் அடித்துப் பாருங்க, அப்போது தெரியும் கஷ்டம். திரையில் பேனாவால் எழுதினால் நோட்டில் எழுதுவது போலத்தான். புத்தகத்தின் பி.டி.எஃப்-ஐ நிமிர்த்திப் பிடித்து ஒரு முழுப் பக்கமாகப் படிக்கலாம். தாவரவியல் ஆய்வுக்காக வயலுக்கோ காட்டுக்கோ போனால் நின்றுகொண்டே படம் எடுத்து, அதன் மேலேயே பெயர் குறிக்கலாம்.

இன்னொரு நன்மை, யாரும் விளம்பரத்தில் சொல்லாதது. லேப்டாப் கீபோர்டில் டீ கொட்டினால் அது நேராக மதர்போர்டுக்குள் இறங்கும். இதில் கீபோர்டு மட்டும் போகும். கம்ப்யூட்டர் பிழைக்கும். தம்பி தங்கை இருக்கிற வீட்டில் இது சாதாரண விஷயமில்லை.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண மெல்லிய லேப்டாப்புகளில் பிராசஸர் 15 வாட் அளவில் இருந்த காலத்தில், 2014-ல், இன்டெல் 4.5 வாட் கோர் எம் சிப்பை ஃபேன் இல்லாத மெல்லிய கருவிகளுக்கென்றே கொண்டு வந்தது. ஏனென்றால் டேப்லெட்டின் முதுகு நம் கையில் இருக்கிறது, சுட்டால் பிடிக்க முடியாது. ஃபேன் இல்லாத கருவி சூடானதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கட்டுரை அடிக்கும்போது தெரியாது. வீடியோ எடிட் பண்ணும்போது தெரியும்.

நமக்கென்று ஒரு தனிக் குறையும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் ச, ஞ, ந, ய, ழ ஆகிய எழுத்துகள் வலது ஓரத்தில், ஆங்கிலத்துக்கு அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்கோடு போன்றவை இருக்கிற விசைகளில் வரும். 10 அங்குலக் கருவியின் கீபோர்டில் இடம் போதாமல் முதலில் சுருக்குவது அந்த ஓர விசைகளைத்தான். ஆங்கிலம் அடிப்பவருக்கு எப்போதாவது தேவைப்படும் விசை, நமக்கு வரிக்கு வரி வேண்டும். 'நான் செய்தேன்' என்று அடிப்பதற்குள் விரல் மூன்று தடவை ஓரத்துக்குப் போகணும்!

அடுத்தது சாஃப்ட்வேர். இதில்தான் காசு நிஜமாகவே வீணாகும். 2012-ன் முதல் சர்ஃபேஸில் இருந்தது விண்டோஸ் ஆர்.டி. பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே செல்போனில் இருப்பது போன்ற ஆர்ம் வகை சிப். அதனால் பழைய விண்டோஸ் புரோகிராம் எதையும் அதில் ஏற்ற முடியவில்லை. 2013 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இதற்காக 90 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதியது. 2024-ல் வந்த ஆர்ம் சிப் சர்ஃபேஸ் ப்ரோ, பழைய புரோகிராம்களை ஒரு மொழிபெயர்ப்பாளர் வைத்தது போல உள்ளுக்குள்ளேயே மாற்றி ஓட்டும். பெரும்பாலும் ஓடும். ஆனால் பழைய பிரிண்டர் போன்றவற்றின் டிரைவர் அந்தச் சிப்புக்கென்றே இருந்தால்தான் வேலை செய்யும். ஆண்ட்ராய்டோ ஐபேடோ என்றால் கதை இன்னும் வேறு. பி.காம். போகிறவருக்கு டேலி வேண்டும், அது விண்டோஸில் ஏற்றுகிற சாஃப்ட்வேர். சிவில், மெக்கானிக்கல் போகிறவருக்கு முழு ஆட்டோகேட் வேண்டும். டேப்லெட்டில் கிடைப்பது அதன் சின்ன வடிவம்தான். கீபோர்டு மாட்டிவிட்டதால் மட்டும் ஒரு டேப்லெட் லேப்டாப் ஆகிவிடாது.

ரிப்பேர்? பேட்டரி சில வருஷத்தில் தளரும் என்பது எல்லாக் கருவிக்கும் பொது. பல லேப்டாப்பில் அடிமூடித் திருகைக் கழற்றினால் பேட்டரி தெரியும். இதில் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டிய கண்ணாடித் திரையைச் சூடு காட்டித்தான் பெயர்க்க வேண்டும், திரை உடையும் அபாயத்தோடு. கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட், 2013-ன் சர்ஃபேஸ் ப்ரோவுக்குப் பத்துக்கு ஒன்று போட்டது. 2022-ன் சர்ஃபேஸ் ப்ரோ 9 பத்துக்கு ஏழு வாங்கியது. அதாவது மனசு வைத்தால் நன்றாகச் செய்ய முடிகிறது. மலிவான மாடல்களில் அந்த மனசு குறைவு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்து, இரண்டாவதாக வாங்குகிறவருக்கு இது நல்ல பொருள். படம் வரைகிறவருக்கு முதல் கருவியாகவே சரி. நாலு வருஷத்துக்கு ஒன்றே ஒன்று என்றால் சாதாரண லேப்டாப். பேனா கட்டாயம் வேண்டும் என்றால் மடங்கும் வகை.

அப்படியும் இதைத்தான் வாங்குவேன் என்கிறவர்கள் கடையில் மேசை மேல் வைத்துக் காட்டுவதோடு திரும்பி வராதீங்க. ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்து உங்க பேரையும் ஊரையும் தமிழில் அடித்துப் பாருங்க. திரையின் மேல் மூலையைத் தட்டுங்க. கழற்றி மாட்டும் இடத்தில் தங்க நிறத்தில் சின்னச் சின்ன முனைகள் இருக்கும், அவை தூசு இல்லாமல் பளிச்சென்று இருக்கிறதா பாருங்க. பிறகு பில்லைக் கேளுங்க. பல மாடலுக்குப் பேனாவும், சிலதுக்குக் கீபோர்டும்கூட விலையில் சேராது. தனிக் காசு!