மனையா, மியூச்சுவல் ஃபண்டா?

பி.எஃப்., இன்சூரன்ஸ் எல்லாம் போக, முதலீடு செய்ய 40 லட்சம் கையில் இருக்கிறது. மனை வாங்குவதா, பங்குச்சந்தை ஃபண்டில் போடுவதா? எது அதிகம் ஏறும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பணம் எப்போது, எத்தனை தவணையில் திரும்பி வர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 3.60 லட்சம் அன்றைக்கே போய்விடும். புரோக்கர் கமிஷன் தனி. அதே மனை பத்து வருடத்தில் 90 லட்சத்துக்கு விலைபோகிறது என்று வையுங்கள். பத்திரச் செலவையும் வாங்கிய விலையோடு சேர்த்துக் கழித்தால் லாபம் 46.40 லட்சம். 2024 ஜூலை 23 முதல் வாங்கிய சொத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. 12.5 சதவீத வரி, அதாவது செஸ் சேர்க்காமலே 5.80 லட்சம், ஒரே வருடத்தில் வந்து நிற்கும். ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்களின் வரிவிலக்குப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டு வரியைத் தவிர்க்கலாம். ஆனால் ஐந்து வருடம் அதைத் தொட முடியாது. வீடு வாங்கியும் விலக்குப் பெறலாம். இங்கேதான் பலர் இடறுகிறார்கள்: வீட்டை விற்று வீடு வாங்குபவர் லாபத்தை மட்டும் போட்டால் போதும், காலி மனையை விற்றவர் முழு விலக்குப் பெற, கைக்கு வந்த மொத்தத் தொகையையும் போட வேண்டும்.

ஃபண்டிலும் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் அதே 12.5 சதவீதம்தான். ஆனால் ஒவ்வொரு நிதியாண்டிலும் முதல் 1.25 லட்சம் லாபத்துக்கு வரி இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய யூனிட்டுகளை மட்டும் வருடாவருடம் விற்றுக்கொள்ளலாம். மனையில் இரண்டு சென்ட்டைப் பிரித்து விற்பது நடக்கிற காரியமா?

ஃபண்டின் பலவீனம் நம் மனசில் இருக்கிறது. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23-ல் 26,000-க்குக் கீழே முடிந்தது. அப்படி ஒரு வாரத்தில் பதறி விற்கக்கூடியவர் நீங்கள் என்றால், தினசரி விலை காட்டாத மனைதான் உங்களைக் காப்பாற்றும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வாடகைக்கு ஃபிளாட் என்றால் கணக்கு எளிது. 60 லட்சம் ஃபிளாட்டுக்கு மாதம் 15,000 வந்தால் வருடம் 3 சதவீதம்தான். சொத்துவரி போக மிச்சத்தில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள வருமானவரிச் சட்டம் அனுமதிக்கிறது. வாடகை வருமானம்தான் குறி என்றால், 2019 முதல் சந்தையில் இருக்கும் ரெய்ட் (வாடகைக் கட்டடங்களில் முதலீடு செய்யும் அறக்கட்டளை) யூனிட்டுகளைப் பாருங்கள். டீமேட் கணக்கில் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம்.

ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்துக்கு இரண்டுமே வேண்டாம். அதற்கு மேல் என்றால் என் ஓட்டு ஃபண்டுக்கு. மனையை இரண்டாவது முதலீடாக, அடிக்கடி போய்ப் பார்க்க முடிகிற தூரத்தில் வாங்குங்கள். 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா, டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் எல்லாம் சரியாக இருந்தாலும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பதிவாகாத பாகப்பிரிவினையும் நிலுவையில் உள்ள வழக்கும் வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம்.