பசுந்தீவனமும் வயிற்றுப் பொருமலும்

கறம்பக்குடி வட்டாரத்தில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் நாம், கறவை மாட்டுக் கடன் பேரேட்டில் சில வேளைகளில் ஒரு குறிப்பைக் காண்கிறோம்: மாடு இறந்தது, கடன் நிலுவை. மாடு போனபின்னும் தவணை போவதில்லை. அவ்வாறு மாடுகளைக் கொண்டுபோகும் நோய்களுள் ஒன்றை ஒரு பிடி வைக்கோலால் தடுக்கலாம் என்பதே இம்மாதப் பாடம்.

மாட்டின் இரைப்பைக்கு 4 அறைகள் உண்டு. முதல் அறையாகிய பெருவயிறு, வளர்ந்த பசுவில் 100 லிட்டருக்கு மேலும் கொள்ளும். அங்கு வாழும் நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்கச் செய்து மாட்டிற்கு உணவாக்குகின்றன. அப்போது கரியமில வாயுவும் மீத்தேனும் மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 50 லிட்டர் வரை உண்டாகின்றன. ஆகவே, வாயு உண்டாதல் நோயன்று. அது ஏப்பமாக வெளியேறாமல் தங்குவதே நோயாகும்.

பச்சைக் கடலைக்கொடி, தட்டைப்பயறு, குதிரைமசால் முதலிய பயறு இனத் தழைகளில், குறிப்பாக இளந்தழைகளில், கரையும் புரதம் மிகுதி. பசித்த மாடு இவற்றை வயிறு முட்டத் தின்றால், வாயு சிறு சிறு குமிழிகளாகச் சிக்குண்டு நுரையாகிவிடுகிறது. பாவுக்குக் கஞ்சி காய்ச்சும் நெசவாளர், பானை பொங்குவதைக் கண்டிருப்பர். மாட்டின் வயிற்றில் நிகழ்வதும் அத்தகையதே. நுரை ஏப்பமாக வெளிவராது. வயிறு உப்பி நுரையீரலை நெருக்கும். சில மணி நேரத்தில் மாடு மூச்சு முட்டி மாளும்.

இடப்பக்கம் விலா எலும்புக்குப் பின்னுள்ள பள்ளம் மேடாதல், தட்டினால் மத்தளம்போல் ஒலித்தல், அசைபோடாமை, மூச்சுத் திணறல் ஆகியன இதன் அடையாளங்கள். கண்டவுடன் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைத்தல் வேண்டும். மருத்துவர் வரும்வரை மாட்டை மேட்டில் முன்கால்கள் உயர்ந்திருக்குமாறு நிறுத்துக. பொங்கும் பானை ஒரு துளி எண்ணெயில் அடங்குவதுபோல், வயிற்று நுரையும் எண்ணெயில் உடையும். வளர்ந்த மாட்டிற்குக் கால் முதல் அரை லிட்டர் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ சிறிது சிறிதாகப் புகட்டலாம். தலையை மிக உயர்த்துதலும் நாக்கைப் பிடித்து இழுத்தலும் கூடா. இருமினால் உடனே நிறுத்துக. இல்லையேல் எண்ணெய் நுரையீரலிற் புகும். மூச்சுத் திணறி நிற்கும் மாட்டிற்குப் புகட்டுதல் ஆகாது. வயிற்றைக் குத்தி வாயுவை விடுதல் மருத்துவர் செய்யத்தக்கது. நாம் கத்தி எடுத்தல் தகாது.

வருமுன் காத்தலோ மிக எளிது. மேய்ச்சலுக்கு ஓட்டுமுன் வைக்கோல் கொடுங்கள். பனி ஈரம் உலர்ந்தபின் மேயவிடுங்கள். அறுத்த தழையைச் சில மணி நேரம் வாடவிட்டு, வைக்கோலுடன் கலந்து இடுங்கள். புதிய தீவனத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

கடலை பறிக்கும் நாட்களில் களத்தில் கொடி குவிந்திருக்கும். கட்டவிழ்ந்த மாடு யாரையும் கேட்டுத் தின்னாது. அந்நாட்களில் கயிற்றைச் சரிபார்ப்பதும் கடனைக் காப்பதேயாகும். வைக்கோல் முன்னே, பசுந்தழை பின்னே என்னும் இவ்வொரு விதியை உறுப்பினர் ஒவ்வொருவரும் கைக்கொள்வாராக.