பழம்பொறியும் புதுவாழ்வும்

தருமபுரி நகருக்கு அண்மையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக ஓங்கி நிற்பது வத்தல்மலை. அதன்மேல் சிற்றூர்கள் பல உள்ளன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சிறுதானியம் விதைத்தும், காப்பியும் மிளகும் பயிரிட்டும் வாழ்கின்றனர். இந்நூற்றாண்டில் தார்ச்சாலை அமையும்வரை, அவர்கள் விளைபொருளைச் சுமந்துகொண்டு கரடுமுரடான பாதையில் இறங்க வேண்டியிருந்தது. நோயுற்றோரையும் தூக்கிக்கொண்டே இறங்கினர். சாலையில்லா மலைக்கு ஏற்ற ஊர்தி யாது? இவ்வினாவிற்குப் போர்க்களம் விடை தந்தது என்பது வியப்பிற்குரியது.

இரண்டாம் உலகப்போரின்போது, சேற்றிலும் மணலிலும் மேட்டிலும் செல்லவல்ல சிறிய வண்டி ஒன்று அமெரிக்கப் படைக்குத் தேவையாயிற்று. 1940-இல் பாண்டம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தளித்தது. எனினும், வில்லிஸ் நிறுவனத்தார் அமைத்த இயந்திரமே வலிமையில் விஞ்சி நின்றது. ஆதலின், அவர்தம் வண்டியே தெரிந்தெடுக்கப்பட்டது. அதே அமைப்பில் போர்டு நிறுவனமும் வண்டிகளை ஆக்கிற்று. இவ்விரு நிறுவனங்களும் போர்க்காலத்தில் ஆக்கிய ஜீப்புகள் ஏறத்தாழ 6,40,000 ஆகும்.

ஜீப்பின் தனிச்சிறப்பு, நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைச் செலுத்த வல்லதாய் இருத்தலாம். பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்கினும், முன்சக்கரங்கள் நிலத்தைப் பற்றி இழுக்கும். அதன் இயந்திரம் நான்கு சிலிண்டர்களும் 2.2 லிட்டர் கொள்ளளவும் உடையது. 60 குதிரைத்திறன் தருவது. அதன் வால்வுகள் சிலிண்டர்களின் பக்கத்தே அமைந்தவை. அமைப்பு எளிது, பழுது நீக்குதலும் எளிது, தரம் குறைந்த பெட்ரோலிலும் அது ஓடும்.

1945-இல் போர் முடிந்தது. படைக்கு வேண்டாத வண்டிகள் மக்கள் கைக்கு வந்தன. பிலிப்பைன்சு நாட்டார் அவற்றை நீட்டி, கூரை வேய்ந்து, ஜீப்னி என்னும் பயணவண்டிகளாக மாற்றிக்கொண்டனர். இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947-இல் ஜீப்புகளை ஒன்றுகூட்டும் பணியைத் தொடங்கிற்று. பின்னர் வந்த வகை ஒன்றில், உள்ளிழுக்கும் வால்வுகள் சிலிண்டரின் தலைப்பகுதிக்கு ஏறின. அதனால் ஆற்றல் மிகுந்தது. இயந்திரத்தின் உயரமும் கூடியது. அதற்கு இடமளிக்கவே வண்டியின் முன்மூடியும் உயர்த்தப்பட்டது. இந்தியச் சாலைகளில் மிகுதியாக ஓடிய ஜீப் இதுவே.

காலப்போக்கில் பெட்ரோல் செலவு பெருஞ்சுமையாயிற்று. வண்டியுடையோர் பெட்ரோல் இயந்திரத்தை அகற்றிவிட்டு, டீசல் இயந்திரத்தைப் பொருத்தலாயினர். ஜபல்பூரில் நம் படைக்கென ஆக்கப்பட்ட ஜோங்கா வண்டிக்கும் இதுவே நேர்ந்தது. ஆறு சிலிண்டர்களும் ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளளவும் உடைய அதன் பெட்ரோல் இயந்திரத்தை, ஏலத்தில் வாங்கியோர் பலர் பேண இயலாது மாற்றினர். இவ்வாறு கழற்றப்பட்ட பழம்பொறிகள் பட்டறை மூலைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் தங்கின. உருக்குலைக்குச் சென்றவை பல, எஞ்சியவை சில.

அவ்வெஞ்சியவற்றையே, பழைய படைவண்டிகளைப் புதுக்குவோர் இன்று தேடித் திரிகின்றனர். தேடுவோர்க்கு முதலில் வேண்டுவது அறிவு. இயந்திரத்தின் உடலில் பொறித்த எண்ணின் முன் எம்.பி. என்றிருப்பின், அது வில்லிஸ் செய்தது, ஜி.பி.டபிள்யூ. என்றிருப்பின், போர்டு செய்தது. போர்டு நிறுவனம் தன் உறுப்புகள் பலவற்றில், மரையாணிகளில்கூட, எப் என்னும் எழுத்தைப் பொறித்திருந்தது. துருவைத் துடைத்து அவ்வெழுத்தைக் காண்பவன், கல்வெட்டைப் படித்தவன் போல் மகிழ்வான்.

அடுத்து வேண்டுவது பொறுமை. நெடுங்காலம் கிடந்த பொறியில் பிஸ்டன்கள் துருவால் இறுகிப்போயிருக்கும். வலிந்து சுழற்றினால் உறுப்பு முறியும். ஆகவே, மேல்மூடியைக் கழற்றி, சிலிண்டர்களில் மெல்லிய எண்ணெய் வார்த்து, நாட்கணக்கில் ஊறவிடுவர். பின்னர்க் கைப்பிடியால் சிறிது சிறிதாக அசைப்பர். விரிசல் உண்டோ என அறிய, நீரை அழுத்தத்துடன் செலுத்திக் கசிவைப் பார்ப்பர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். தேய்வு மிகுந்திருப்பின், உள்ளே புதிய உறை ஒன்றைச் செலுத்துவர்.

இங்கு ஒரு வினா எழும். இத்துணைத் தொல்லை எதற்கு? ஓடும் இயந்திரம் ஏதேனும் ஒன்றைப் பொருத்தினால் ஆகாதோ? பயன்படுத்தும் வண்டிக்கு ஆகும். டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூ சிகரத்திற்கு ஏறிய பழைய லேண்ட்ரோவர் வண்டிகள் பலவும் டீசல் இயந்திரம் பெற்றே நெடுங்காலம் உழைத்தன. அதனைக் குறை கூறுதல் தகாது. மக்களைச் சுமப்பதே அவற்றின் கடமை.

ஆனால், வரலாற்றின் சான்றாக நிறுத்தும் வண்டியின் கடமை வேறு. உள்ளதை உள்ளவாறு உரைத்தலே அதன் கடமை. உயரம் கூடிய பிற்கால இயந்திரத்தைப் போர்க்கால ஜீப்பில் வைத்தால் முன்மூடி மூடாது. மூடியை வெட்டினால் மூடும். அவ்வாறு வெட்டியபின் அதனைப் போர்க்கால வண்டி எனக் காட்டுதல், நாளை காண வரும் மாணவர்க்குப் பொய்ச்சான்று அளிப்பதாகும். மூலப்பொறி கிடைக்கவில்லையெனில், மாற்றியதை மறையாது எழுதிவைப்பதே நேர்மை.

பழையது என்பதால் ஒன்றைக் கழித்தலும் தவறு. பழையது என்பதால் ஒன்றைப் பயனின்றிப் பூட்டிவைத்தலும் தவறு. மலையேறும் வண்டிக்குப் பயனே பெருமை. காட்சிக்கு நிற்கும் வண்டிக்கு உண்மையே பெருமை. வத்தல்மலை போன்ற மலைகளில் மூட்டைகளுடன் ஏறும் ஊர்தியின் ஒலியைக் கேட்போர், அவ்வொலிக்குப் பின் நிற்கும் நெடிய வரலாற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வினாக்கள்

1. வில்லிஸ் நிறுவனத்தின் வண்டி தெரிந்தெடுக்கப்பட்டது ஏன்?
2. பழைய ஜீப் இயந்திரத்தை ஆக்கியவர் யார் என எவ்வாறு அறியலாம்?
3. இறுகிய பொறியை மீண்டும் இயங்கச் செய்யும் முறையை விளக்குக.
4. ‘பயனும் உண்மையும்’ என்னும் தலைப்பில் ஒரு பத்தி வரைக.