வீட்டிலேயே நிறுத்த முடியுமா, இல்லத்தில் சேர்க்க வேண்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ஜாசின் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் வேலை. முன்பெல்லாம் சாயங்காலம்தான் குடிப்பார். இப்போது விடிந்ததும் சம்சு உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கிறது. மாசி மகத்துக்குச் சன்னாசிமலையில் காவடி எடுக்கிறேன் என்று விரதம் பிடித்து, ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தார். இரவு முழுக்கச் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். பயந்துபோய் மாமியாரே ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டார். மறுபடி பழையபடிதான். நாத்தனார் கோலாலம்பூரில் ஏதாவது மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறார். “கட்டிப்போட்டு அடிப்பாங்க, என் பிள்ளையை அனுப்பமாட்டேன்” என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா, காபியில் கலந்து கொடு என்று ஒரு பொடி தந்திருக்கிறார். எந்தக் கட்டத்தில் இல்லத்தில் சேர்க்க வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஜாசின்

பதில்: முதல் வேலையாக அந்தப் பொடியை எறிந்துவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கணவர் விரதத்தில் தோற்றுவிட்டார் என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பில், மதுவின் மந்தத்துக்கு ஈடுகொடுக்க மூளை தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நினைவு தடுமாறி, இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியலாம். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். ஒரு முறை வந்தவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே அவர் அடுத்த முறை குடியை நிறுத்துவது மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். வீட்டிலோ, கோயிலிலோ, மருத்துவர் இல்லாத இல்லத்திலோ கூடாது. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன்: மருத்துவரைப் பார்க்கும் வரை பாட்டிலைப் பிடுங்கி அவரைப் பட்டென்று நிறுத்த வைக்காதீர்கள். தானாகவே நிறுத்தி நடுக்கம், வலிப்பு, பிதற்றல் கண்டால், மறுபடி ஊற்றிக் கொடுக்காமல் 999-ஐ அழையுங்கள், அல்லது நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மருத்துவமனையில் மூளையை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து நிறுத்துவார்கள். தையமின் எனும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். அது குறைந்துபோனால் நடை தள்ளாடும், கண் அசைவு கெடும், ஞாபகம் நிரந்தரமாகப் போகலாம். பெரும்பாலும் ஒரு வார வேலை இது.

இல்லத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. மருத்துவமனையில் மதுவை நிறுத்துவதையும் இல்லத்தில் சேர்ப்பதையும் நம் குடும்பங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். நடுக்கம் நின்று வீடு திரும்பியதும் “குணமாயிட்டார்” என்கிறார்கள்; அடுத்த சம்பள நாளில் எல்லாம் சரிந்துவிடுகிறது. உடம்பிலிருந்து மது இறங்கிய பிறகு, குடிக்காமல் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று கற்றுக்கொள்ளும் இடம்தான் இல்லம்.

யாருக்கு அது தேவை? குடிக்கிற அளவை வைத்து நான் முடிவு செய்வதில்லை. மருத்துவமனையில் சுத்தமாகி, கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போய், மருந்தும் எடுத்து, அப்படியும் திரும்பத் திரும்ப விழுகிறவருக்குத் தேவை. வீட்டில் அண்ணனும் தம்பியும் குடிக்கிறார்கள், லயத்தில் நாலாவது கதவில் சம்சு விற்கிறார்கள் என்றால், அப்படி விழும் வரை காத்திருக்கவும் வேண்டாம். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரினார்கள். வாசலிலேயே கடையை வைத்துக்கொண்டு மனவுறுதியை மட்டும் நம்ப முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாவைப் பற்றிப் பேசுகிறார், மாத்திரையோ வேறு போதையோ சேர்ந்திருக்கிறது, பிள்ளைகள் அடிபடுகிறார்கள் என்றாலும் தாமதிக்காதீர்கள். மாறாக, நடுக்கமோ வலிப்போ வராதவர், வேலையும் வீடும் துணையாக இருப்பவர், வெளிநோயாளியாகவே மீளலாம். (சியாபு போன்ற போதைப்பொருள் என்றால் அணுக வேண்டியது ஏஏடிகே எனும் தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம். அங்கே தாமாக முன்வந்தும் சிகிச்சைக்குச் சேரலாம்.)

உங்கள் மாமியாரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கட்டுவதும் அடிப்பதும் சிகிச்சை அல்ல. சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவர் வருவார், குடும்பம் எப்போது பார்க்கலாம், அவராக வெளியேற விரும்பினால் என்ன செய்வீர்கள், கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படும் டி.டி. ரங்கநாதன் மையத்தை, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கினார். உள்ளே தங்கும் நோயாளியோடு குடும்பத்துக்கும் அங்கே தனியாகச் சிகிச்சை உண்டு. நீங்கள் தேடும் இல்லமும் உங்களை உட்காரவைத்துப் பேச வேண்டும். திரும்பி வரப்போவது உங்கள் வீட்டுக்குத்தானே.

இனி அந்தப் பொடி. இப்படி ரகசியமாக விற்பவற்றில் டைசல்ஃபிராம் கலந்திருக்கலாம். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும்; இதய நோய் இருந்தால் உயிருக்கே ஆபத்து. நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் எடுத்தால் அது நல்ல மருந்துதான். தெரியாமல் கலந்தால் அவர் உடம்பும் கெடும், உங்கள் மேல் அவருக்குள்ள நம்பிக்கையும் போகும்.

அவரிடம் காலையில், போதை ஏறும் முன் பேசுங்கள். வலிப்பு வந்த நாள் அவருக்கு ஞாபகம் இல்லாமல் போயிருக்கலாம். நீங்கள் கண்டதை அப்படியே சொல்லுங்கள். ஒரு தாளில் தினமும் எவ்வளவு குடிக்கிறார், எந்த நேரம் முதல் கிளாஸ், வலிப்பு எந்த நாள் வந்தது, வேறென்ன மாத்திரை என்று எழுதி எடுத்துக்கொண்டு, அவரோடு அரசாங்க கிளினிக்குக்குப் போய், மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள். மனம் தாங்காத நாளில் பேச, சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555.