எரிபொருள் டியூனிங்: சைலன்சர் மாற்றாத வண்டிக்குத் தேவையா?

எஞ்சினுக்குள் போகும் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைத் திருத்துவதுதான் எரிபொருள் டியூனிங். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் இதைவிடக் குறைந்தால் கலவை ‘லீன்’, கூடினால் ‘ரிச்’. புகைக் கட்டுப்பாட்டுக்கு உகந்தது 14.7; எஞ்சின் நன்றாக இழுப்பதோ 12.5 முதல் 13 வரையுள்ள ரிச்சான கலவையில். டியூனிங் பெட்டி விற்பவர்களின் வியாபாரம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதி வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இப்போது சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை எஞ்சினின் கணினியான இசியு கூட்டிக் குறைக்கிறது. ஒரே சீராக ஓட்டும்போது நடப்பது இது. ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கினால் இசியு சென்சாரைப் பொருட்படுத்தாது; தன் நினைவில் உள்ள அட்டவணைப்படி பெட்ரோலை விடும். அந்த அட்டவணை கம்பெனியிலேயே ரிச்சாகத்தான் எழுதப்பட்டிருக்கும். ஆகவே டாப் ஸ்பீடுக்காக டியூனிங் செய்பவர் ஏற்கெனவே இருப்பதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார். 648 சிசியில் 47 குதிரைத்திறன் தரும் இன்டர்செப்டர் 650 பைக் ஆனாலும், உள்ளே போகும் காற்று கூடாமல் பெட்ரோலை மட்டும் கூட்டிப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

பலன் கிடைக்கும் இடம் வேறு. மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நகரத்துக்குள் ஊர்ந்து போகையில் சில வண்டிகள் லேசாகத் துள்ளும். ஆக்சிலரேட்டரை மூடித் திறந்தால் வெட்டி இழுக்கும். லீன் கலவை இதற்கு ஒரு காரணம்தான், ஒரே காரணம் அல்ல. செயின் தொய்வு, ஆக்சிலரேட்டர் கேபிளில் கூடுதல் ஆட்டம், அழுக்கேறிய த்ராட்டில் பாடி, தேய்ந்த பிளக், வால்வு இடைவெளி ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். செயினையும் கேபிளையும் சரிசெய்த மறுநாளே டியூனிங் ஆசை பறந்துபோவது பல ஒர்க்‌ஷாப்களில் வாடிக்கையான காட்சி. சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடித்தால், முதலில் பார்க்க வேண்டியது குழாய் சேரும் இடத்து கேஸ்கெட்டை. அங்கே காற்று கசிந்தாலும் அந்தச் சத்தம் வரும்.

எல்லாம் பார்த்த பிறகும் துள்ளல் தொடர்ந்தால், எந்தக் கியரில், எந்த ஆர்பிஎம்மில், எஞ்சின் சூடாகும் முன்பா பின்பா என்று ஒரு வாரம் குறித்து வைப்பது நல்லது. டேங்க் நிரப்பி மூன்று முறையாவது மைலேஜையும் கணக்கிட வேண்டும். முன்கணக்கு இல்லாமல் பெட்டியைப் பொருத்தியவருக்கு, வண்டி மாறியதா மனம் மாறியதா என்று சொல்லத் தெரியாது.

சந்தையில் கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தை மாற்றுபவை. ஆக்சிஜன் சென்சார் பழையபடியே வேலை செய்தால், பெட்டி கூட்டிக் கொடுக்கும் பெட்ரோலை இசியு ‘ரிச்’ என்று கண்டு மெல்லக் குறைத்துவிடும். முதல் நாள் தெரிந்த மென்மை சில நாட்களில் மங்குவது இதனால்தான். சென்சாரைக் கழற்றியோ ஏமாற்றியோ தொடர்ந்து ரிச்சாக ஓட்டினால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெடும், எரியாத பெட்ரோல் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும், வாரண்டியும் கேள்விக்குள்ளாகும். விதிக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது.

எத்தனால் கலப்பு கணக்கைச் சற்று மாற்றியிருக்கிறது. எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உகந்த விகிதம் 13.5 அளவுக்கு இறங்கிவிடும். சென்சார் உள்ள வண்டி இதைப் பெரிதும் தானே சமாளிக்கும். சென்சார் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியோ முன்னைவிட லீனாக ஓடும். அங்கே டியூனிங்குக்கு நியாயம் உண்டு, செலவும் குறைவு. ஐட்லிங்கில் தடுமாறினால் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புவது, நடு வேகத்தில் திணறினால் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு கீழிறக்கி ஊசியை உயர்த்துவது, முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் திணறினால் மெயின் ஜெட்டை ஒரு எண் பெரிதாக்குவது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

ஏர் ஃபில்டர், சைலன்சர் இரண்டும் கம்பெனியுடையதாகவே இருக்கும் பிஎஸ்6 வண்டிக்கு டியூனிங் பெட்டி வேண்டியதில்லை. முழு எக்ஸாஸ்ட்டையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றி, பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு அது வேண்டும். அவரும் எஞ்சின் திறனை அளக்கும் டைனோ கருவியில் அளந்து டியூன் செய்து தரும் இடத்துக்கே போகட்டும்.