கன்சோலுக்குப் பின்னால் உட்காரப் போகிறவர்களுக்கு

ஹெவி மெட்டல் ஆல்பம் தயாரிக்க ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த ஆம்ப் வாங்கலாம் என்பதைத்தான். அதைக் கடைக்காரர் சொல்வார். மற்றதை நான் சொல்கிறேன்.

1. முதலில் இன்ஜினியராக இருங்கள். தயாரிப்பாளர் மார்ட்டின் பிர்ச் அப்படி வந்தவர்தான். டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' ஆல்பம் பதிவாக இருந்த மோன்த்ரூ கேசினோ 1971 டிசம்பரில் எரிந்துபோனது. குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரங்களில் வாத்தியங்களைப் பரப்பி, எதிரொலி அடங்க மெத்தைகளை அண்டக்கொடுத்து, வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் மொபைல் லாரியில் வைத்துப் பதிந்தார்கள். வாசித்ததைக் கேட்டுப்பார்க்க அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி லாரிவரை நடக்க வேண்டும். நடந்து நடந்து சலித்து, கேட்கப் போவதையே குழுவினர் விட்டுவிட்டார்கள். டேக் தேறியதா என்பதற்கு லாரியில் இருந்த பிர்ச்சின் காதுதான் பொறுப்பு. அந்தக் காதை நம்பித்தான் பின்னாளில் அயர்ன் மெய்டன் 1981இன் 'கில்லர்ஸ்' தொடங்கி 1992இன் 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வரை அவரை விடவில்லை.

2. பாதி வேலையை ஒத்திகை அறையிலேயே முடித்துவிடுங்கள். பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவானது. தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். மேடையில் வாசித்து வாசித்துப் பாட்டு கைக்குள் வந்திருந்ததால் அது முடிந்தது. நான்கு முறை வரும் ரிஃப் இரண்டு முறை போதாதா என்ற சண்டையை வாடகை மீட்டர் ஓடாத இடத்தில் போடுங்கள்.

3. கிட்டாரைத் தனியாகக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சோலோ பட்டனை அழுத்திக் கேட்டால், அடிஸ்தாயி நிறைந்த கிட்டார் பிரமாதமாக இருக்கும். பேஸும் கிக் டிரம்மும் சேர்ந்ததும் மூன்றும் ஒரே இடத்துக்கு முட்டிமோதிக் குழம்பிவிடும். கிட்டாரில் 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிப் பாருங்கள். தனியே கேட்டால் இளைத்துத் தெரியும். மொத்தத்தில் பாட்டுக்குக் கனம் கூடியிருக்கும்.

டிஸ்டார்ஷனையும் மேடையில் வைப்பதைவிடக் குறையுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு ட்ராக் சேரும்போது அது தானாகவே தடித்துவிடும். ஆனால் முதல் ட்ராக்கைக் காப்பியடித்து மறுபக்கம் ஒட்டாதீர்கள். மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள், கை வலிக்கிறது என்றாலும் சரி. இரண்டு வாசிப்புக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை வித்தியாசம்தான் அகலமாகக் கேட்கிறது.

பேஸைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1988இல் வந்த மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' சாட்சி. பேஸ்காரர் ஜேசன் நியூஸ்டெட் நன்றாகத்தான் வாசித்தார் என்று அதைப் பதிந்த ஃப்ளெமிங் ராஸ்முசென் சொல்லியிருக்கிறார். மிக்ஸிங்கில்தான் அது காணாமல் போனது. 1991 ஆல்பத்தில் தயாரிப்பாளர் பாப் ராக் அடிஸ்தாயியை மீட்டுக்கொடுத்தார். பாட்டு என்று பார்த்தால் நான் இன்றும் 1988 பக்கம்தான், அது வேறு விஷயம். இப்படி நேராமல் இருக்க, குழுத்தலைவர் ஒரு வாத்தியத்தைக் குறைக்கச் சொன்னால் குறைத்து ஒன்று, குறைக்காமல் ஒன்று என இரண்டு மிக்ஸ் போட்டு, மறுநாள் காலையில் கேட்க வையுங்கள்.

4. வேகப் பாட்டுக்கு ரிவெர்ப் ஆகாது. ஒரு அடியின் வால் அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். 1986இல் ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்' ஆல்பத்தை ஹிப்-ஹாப்பிலிருந்து வந்த ரிக் ரூபின் உலர உலரப் பதிந்தார்; பத்துப் பாட்டும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

5. கருவி இல்லையென்றால் சமையலறைக்குப் போங்கள். ஜூடாஸ் பிரீஸ்டின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' (1980), ஒரு காலத்தில் ஜான் லெனன் வாழ்ந்து பிறகு ரிங்கோ ஸ்டார் வாங்கிய டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் வீட்டில் பதிவானது. சாம்ப்ளர் கையில் இல்லை. 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இரும்பு மனிதர்கள் நடந்து வரும் சத்தத்துக்குக் கரண்டி, முள்கரண்டி நிறைந்த தட்டைக் குலுக்கினார்கள். தயாரிப்பாளர் டாம் ஆலம். பிளாக் சாபத்தின் அந்த ஒரு நாள் பதிவில் இன்ஜினியராக இருந்தவரும் இவரே.

6. லிமிட்டரால் ஒலியை அழுத்தி நசுக்காதீர்கள். 2008இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' குறுவட்டைவிட, அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ கேமில் தெளிவாக ஒலித்ததை ரசிகர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். மிக்ஸ் தன்னிடம் வரும்போதே நசுங்கித்தான் இருந்தது என்றார் மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன். உங்கள் தவறை மாஸ்டரிங்காரர் தலையில் கட்ட முடியாது.

7. ஒரே ஒலிக்குப் பெயர் வாங்கினால் அதுவே கால்விலங்காகும். ஃப்ளோரிடாவின் டாம்பாவில் மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் ஸ்காட் பர்ன்ஸ், டெத், ஒபிச்சுவரி, கேனிபல் கார்ப்ஸ் என்று டெத் மெட்டலின் பெரிய பெயர்களோடு வேலை செய்தார். அந்த ஒலி வேண்டுமென்றே குழுக்கள் வரிசையில் நின்றன. பிறகு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்ற முணுமுணுப்பும் வந்தது. 1990களிலேயே அவர் கணினி வேலைக்குப் போய்விட்டார். பிர்ச்சும் 1992இல், 43 வயதில், தொழிலைவிட்டு விலகினார். இரண்டு பேர் மீதும் எனக்கு மரியாதை கூடியதே தவிர குறையவில்லை.

8. கூலியை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள்: முன்பணம் எவ்வளவு, விற்பனையில் எத்தனை சதவீதம், அந்தச் சதவீதம் முன்பணம் கழிந்த பிறகா, முதல் பிரதியிலிருந்தா. குழுவில் எல்லோரும் நண்பர்கள் என்றால் இன்னும் கவனமாக எழுதுங்கள். பாக்கி வந்த பிறகு மாஸ்டர் கோப்பை அனுப்பினால் போதும்.