தோட்டாவின் கேப்பு: தெரிந்து கொள்ள வேண்டிய சில செய்திகள்

தீபாவளிக்குப் பொட்டுவெடியைக் கல்லில் வைத்துத் தட்டாத தமிழ்க் குழந்தை அநேகமாக இருக்க முடியாது. திரி வேண்டாம், நெருப்பு வேண்டாம்; ஓர் அடி விழுந்தால் வெடிக்கும். ரைபிள் தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். விசையை இழுத்தால் ஊசி கேப்பைத் தட்டுகிறது. அதிலிருந்து எழும் தீப்பொறி உள்ளிருக்கும் மருந்தைப் பற்ற வைக்கிறது. மருந்தின் வாயு குண்டைத் தள்ளுகிறது.

இதை எழுதக் காரணம் என் பேத்தி. கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைபிள் சுடத் தொடங்கியவள், இப்போது இங்கே பெங்களூரில் ஒரு கிளப்பில் போட்டிக்குப் பயிற்சி பெறுகிறாள். ஒரு நாள், "தாத்தா, அமெரிக்காவிலே தோட்டாவை வீட்டிலேயே ரொப்பிக்கிறாங்களாம். எந்தக் கேப்பு நல்லதுன்னு அவங்களே பார்த்து எடுக்கறாங்களாம். தெரிஞ்சவர் ஒருத்தர் கேப்பு வாங்கித் தரேன்னு சொல்றார். நாமும் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டாள். எனக்குப் பகீரென்றது.

நான் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். 2001ல் சுரங்கம் மூடப்படும் வரை அங்கேதான் வேலை. சுரங்கத்தில் பாறை உடைக்கும் டெட்டனேட்டரையும் 'கேப்பு' என்றுதான் சொல்வோம். என் சித்தப்பா சிறுவனாக இருந்தபோது, எங்கேயோ கிடந்த ஒரு கேப்பை எடுத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று குச்சியால் குடைந்து பார்த்தார். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. கடைசி வரை அந்தக் கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். தோட்டாவின் கேப்பு அதைவிட மிகச் சிறியது என்றாலும், இந்த விஷயத்தில் இரண்டும் அண்ணன் தம்பிதான்.

அடித்தால் வெடிக்கும் பொருளைத் துப்பாக்கியில் பயன்படுத்த வழி கண்டவர் ஒரு பாதிரியார். பெயர் அலெக்சாண்டர் ஃபோர்சைத், ஊர் ஸ்காட்லாந்து. அந்தக் காலத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் பொறி கிளப்பியதும் பறவைகள் மிரண்டு பறந்துவிடும். குண்டு பின்னால் போகும். இதற்கு மாற்றுத் தேடி 1807ல் காப்புரிமை பெற்றார். பிறகு செப்புக் கேப்பு வந்தது. அதன் பிறகு தோட்டாவின் அடியிலேயே கேப்பைப் பதித்தார்கள். அதில் இரண்டு வகை. 1866ல் ஆங்கிலேயர் பாக்ஸர் ஒன்றும், அமெரிக்கர் பெர்டன் ஒன்றும் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலேயரின் வகையை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கரின் வகை ஐரோப்பாவுக்குப் போயிற்று. பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை இருப்பதால், சுட்ட கேப்பை ஒரு கம்பியால் தள்ளிவிட்டுப் புதியது பொருத்தலாம். அமெரிக்காவில் வீட்டில் ரொப்பும் பழக்கம் வளர இந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

அங்கே கேப்பு தேர்ந்தெடுப்பது என்றால் என்ன? சிறிய ரைபிள் கேப்பும் சிறிய கைத்துப்பாக்கிக் கேப்பும் விட்டத்தில் ஒன்றே, பார்வைக்கும் ஒன்றே. ஆனால் ரைபிளின் அழுத்தம் மிக அதிகம் என்பதால் அதன் கேப்புக்குத் தகடு தடிப்பு. மெல்லிய தகட்டை ரைபிளில் போட்டால் ஊசி அதைத் துளைத்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பும். கேப்பின் வேகம் மாறினால் அழுத்தமும் மாறும். ஆகவே கேப்பை மாற்றினால் மருந்தைக் குறைத்து முதலிலிருந்து சோதித்து வர வேண்டும் என்பது அவர்கள் கறாராகப் பின்பற்றும் விதி.

பேத்திக்கு இவ்வளவும் சொல்லிவிட்டு, "உன் .22க்கு இது எதுவுமே பொருந்தாது" என்றேன். .22ல் தனிக் கேப்பே கிடையாது. கேப்பு மருந்தை ஈரப்பசையாக உள்ளே வைத்துச் சுழற்றி, அடி விளிம்பின் மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். ஊசி விளிம்பை நசுக்குவதால் ஒருமுறை சுட்ட தோட்டா அதோடு சரி. சட்டமும் இடம் கொடுக்காது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும், அதைச் செய்யும் இயந்திரங்களையும் தோட்டாவாகவே கருதுகிறது. உரிமம் இல்லாமல் ஒரு டப்பா கேப்பு வீட்டில் இருந்தாலே வம்புதான். வாங்கித் தருகிறேன் என்ற அந்த மனிதரோடு பேச்சே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

விளிம்பில் எங்காவது மருந்து பரவாமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை என் என்.சி.சி. நாளில் கண்டேன். விசையை இழுத்தேன், 'கிளிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. "சார், சுடலை" என்று ரைபிளோடு திரும்பப் போனேன். ஹவில்தார் பாய்ந்து வந்து குழலைத் தரையோடு சேர்த்துப் பூட்ஸ் காலால் அழுத்தினார். அரை நிமிஷம் அப்படியே நின்றார். கேப்பு தாமதித்தும் பற்றலாம் அல்லவா? பிறகுதான் திறந்து, தோட்டாவின் விளிம்பில் ஊசி பட்ட தழும்பைக் காட்டினார். என்னை அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்குத் தேர்வே இல்லையா? இருக்கிறது, லாட் எண்ணில் இருக்கிறது. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி நிறம், ஆனால் வேறு நாளில் செய்த தோட்டா வேறு விதமாகப் போகும். ஒரு கணக்குப் போடுவோம். .22 குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 325 மீட்டர். 50 மீட்டர் போவதற்குள் அது சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. பற்றுவதில் சிறு பேதம் ஏற்பட்டு வேகம் 10 மீட்டர் குறைந்தால், இன்னும் 7 மில்லிமீட்டர் இறங்கும். 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி இந்த இலக்கில்தான் நடந்தது.

அதனால் பெரிய வீரர்கள் ரைபிளை இடுக்கியில் பூட்டி, ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, துளைகள் நெருங்கி விழும் லாட்டையே மொத்தமாக வாங்குகிறார்கள். ஒரு ரைபிளுக்குப் பிடித்தது மற்றொன்றுக்குப் பிடிக்காது என்பதால் அடுத்தவரைக் கேட்டுப் பயனில்லை.

இன்னும் ஒன்று. முந்தைய கேப்புகள் குழலில் உப்பை விட்டுப் போகும், துருப்பிடிக்காமலிருக்க.303 ரைபிளில் சிப்பாய்கள் கொதிநீர் ஊற்றிக் கழுவுவார்கள். இப்போதைய கேப்புகளில் அந்த உப்பு இல்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் ஈயச் சேர்மம் உண்டு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கக் கூடாது. உள்ளரங்கில் சுடுபவர்கள் காற்றோட்டத்தையும் கவனிக்க வேண்டும்.

சென்ற ஞாயிறு கிளப்பில் இருந்த மூன்று லாட்டுகளைப் பேத்தி சுட்டுப் பார்த்தாள். இடுக்கி கிடைக்கவில்லை, மணல் மூட்டையில் சாய்த்துத்தான் சுட்டாள். விலை கூடிய பெட்டி இரண்டாவதாக வந்தது. முதலாவதாக வந்ததன் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, அதில் இன்னும் எத்தனை பெட்டி இருக்கிறதென்று கேட்கப் போனாள்.